வாய் பேசாத பாய்லர்

இந்தப் பக்கம் வந்து ஒக்காந்துக்கங்க. அந்தப் பக்கம் வேண்டாமுங்க, பஸ்ஸுச் சன்னல் காத்து பேச்சைத் தூக்கிட்டுப் போயிருது. ஆங், இப்பச் சரி. கோயமுத்தூருக்குங்களா? நானும் அங்கதானுங்க போறேன். உங்க கொரலு நல்ல கனத்த கொரலுங்க. இப்பெல்லாம் ஒவ்வொருத்தரு பேசுனா வாய்க்குள்ளயே முழுங்கிக்கறாங்க. அதுலயும் இந்தப் பொம்பளைங்க இருக்காங்களே, ஒதட்டைத் தொறந்தாக் காசு குடுக்கோணும்ங்கற மாதிரித்தான் பேசறாங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பெருந்துறை தாண்டி சர்வீஸ் ரோட்டுல மஞ்சப் பெயிண்டு அடிச்சு ஒரு காபிக்கடை புதுசா வந்திருக்குது, பாத்திருப்பீங்க. என்ற பொண்ணு கடைதானுங்க. போன வெள்ளிக்கெழமை பால் காச்சினோம். காச்சினோம்னு சொல்லக்கூடாது, காச்ச ஆரம்பிச்சோம்னு சொல்லோணும். அந்தக் கடைக்கு பாய்லர் வித்தவனைத்தான் பாக்கப் போறனுங்க. நாலு கேள்வி நறுக்குனு கேக்கோணும். பாத்திரக்கடைச் சந்துல பெரிய மனுசனாட்ட மாலையப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறான். ஊமைப் பண்டத்தை என்ற தலைல கட்டிட்டான்.

நீங்க சிரிக்கறீங்க. பாய்லர் பேசுமான்னு நெனைக்கறீங்க. பேசுமுங்க. பேசோணும். பேசாத பாய்லருக்குப் பக்கத்துல ஒரு நிமிசம் கூட நிக்கக் கூடாதுங்க.

எனக்குச் சுடுதண்ணி ஆவின்னா நெம்பப் பயமுங்க. அதுலயே பொழச்சவனுக்கு அதுல என்ன பயம்னு கேப்பீங்க. பொழச்சவனுக்குத்தானுங்க பயம் இருக்கும். பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல காபி டீ மாஸ்டரா நின்னவனுங்க நானு. என்ற நெஞ்சு ஒசரத்துக்கு பித்தளை பாய்லர். நடுவால கரி எரியும், சுத்தி தண்ணி கொதிக்கும். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு காசு போட்டு வெச்சிருப்போமுங்க. சாமி காசு இல்லீங்க, இது வேற. தண்ணி கொதிச்சுதுன்னா காசு அடில கெடந்து ஆடும். கிணுகிணு கிணுகிணுன்னு ஆடிட்டே இருக்கும். ரோட்டுல போறவனுக்கு அது காபி தயாரா இருக்குதுன்னு கூப்புடற சத்தம். மாஸ்டருக்கு அது வேற. அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் உள்ள தண்ணி இருக்குது. சத்தம் மாறுனா தண்ணி கொறையுது. சத்தம் நின்னா, கைல என்ன இருந்தாலும் போட்டுட்டுக் கரியை எடுத்து வெளிய கொட்டோணும். அவ்வளவுதானுங்க படிப்பு.

ஆத்தற கை ஆத்திட்டே இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கண்ணு பஸ்ஸுல எறங்கறவங்களைப் பாக்கும். காது மட்டும் பாய்லருக்குள்ள இருக்கும். அப்படித்தான் நின்னேன் அத்தனை வருசமும்.

அந்தக் கடைல என்னோட இன்னொரு மாஸ்டர் இருந்தானுங்க, மாரப்பன்னு. நல்ல மனுசன். ஒரு நாளு நானு பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரம், காசு நின்னு போயிருக்குது. அந்தாளு காதுல வாங்கல. ரேடியோப் பாட்டுல லயிச்சு நின்னிருப்பான். தண்ணி வத்திப் பித்தளை காஞ்சு கெடக்குது. அப்பறம் எப்பவோ ஞாபகம் வந்து ஒரு கொடம் பச்சைத் தண்ணியத் தூக்கி ஒரேடியா உள்ள ஊத்திட்டான். காஞ்சதுல தண்ணி உழுந்தா என்னாகுமுங்க? அத்தனையும் ஆவியாகி மேல வந்திருச்சு. நானு வர்றப்ப கூட்டம். வெலக்கிட்டுப் போயிப் பாத்தனுங்க. மொகம், கழுத்து, நெஞ்சு. தோலு வந்து… வேண்டாமுங்க, நீங்க காலைல சாப்புட்டு வந்திருப்பீங்க.

உசுரு தப்பிச்சுக்கிட்டான். ஆசுபத்திரிக்குப் போயிப் பாத்தனுங்க. வாழையெலை மேல படுக்க வெச்சிருந்தாங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. ஏண்டா மாரப்பா, காதை எங்கடா அடகு வெச்சிருந்தேன்னு கேட்டேன். அவன் என்ற வாயையே பாத்துட்டுக் கெடந்தான். இன்னைக்கும் சொல்றனுங்க, காது கேக்காதவன் பாய்லர் கிட்ட நிக்கவே கூடாது. அவனும் போவான், பக்கத்துல நிக்கறவங்களையும் கூட்டிட்டுப் போவான்.

அதுக்கப்பறம் நானு அந்தச் சோலிக்கே போகலீங்க. ஒரு ஸ்பின்னிங் மில்லுல சேந்துட்டேன். மிசினெல்லாம் அலறிட்டே கெடக்கும், அது பாட்டுக்கு அது, நம்ம பாட்டுக்கு நாம. ரிட்டயர்டு ஆகற வரைக்கும் அங்கதான்.

இப்ப என்ற பொண்ணு மைதிலி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீசுல கம்ப்யூட்டர் முன்னால இருந்தா. ஒரு நாளு வந்து ஒக்காந்தா. "அப்பா, சர்வீஸ் ரோட்டுல எடம் பாத்துட்டேன். காபிக்கடை போடறோம். நீங்க மாஸ்டரு, அம்மா கல்லா, நானு மத்ததெல்லாம்"னா. எனக்குச் சந்தோசமுங்க, இல்லைன்னு சொல்லல. வேலையில்லாம ஊட்டுல ஒக்காந்திருக்கறவனைப் பெத்த புள்ள மாஸ்டருன்னு கூப்புட்டா எப்படி இருக்கும், சொல்லுங்க. ஆனா அன்னைக்கே ஒரு பயமும் கூடவே வந்திருச்சு. பாய்லருக்குப் பக்கத்துல என்ற புள்ள நிக்கும். நானு ஒரு நொடி அசந்தாலும் அவ மொகத்துலதான் அடிக்கும். அது ஒண்ணுதானுங்க, வேறெந்த பயமும் எனக்குக் கெடையாது.

சரி, மிசினு பாக்கலாம்னு கோயமுத்தூருக்குப் போனோம். நானு, அவ, என்ற ஊட்டுக்காரி துளசிமணி. மொதல்ல ஒரு ஷோரூமு. உள்ள போனா ஐஸ் பொட்டிக்குள்ள போன மாதிரி. மைதிலி ஆசைப்பட்டது அங்க இருந்த வெளிநாட்டு மிசினுக்குத்தான். பளபளன்னு இருக்குது, முன்னால ரெண்டு கைப்பிடி, பக்கத்துல ஆவிக்குழாய். விக்கறவரு நல்ல பையன், வெள்ளைச் சட்டை, கழுத்துல டை. நானு கேட்டது ஒரே கேள்விதானுங்க. தம்பி, இதுக்குள்ள தண்ணி இருக்குது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அவரு என்னமோ சொன்னாரு. வாய்க்குள்ளயே சொன்னாரு. மைதிலி திருப்பிச் சொன்னா, "தண்ணி கொறஞ்சா பீப்புனு சத்தம் போடுமாமுங்கப்பா."

அடிச்சுக் காட்டச் சொல்லுன்னேன். அவரு தண்ணித் தொட்டிய உருவுனாரு. நானு காத்துட்டு நிக்கறேன். ஒண்ணையும் காணோம். அடிக்கச் சொல்லு தம்பின்னேன். மூணு பேரும் என்ற மொகத்தையே பாக்கறாங்க. மிசினைப் பாக்காம என்ற மொகத்துல என்னங்க இருக்குது? "அடிச்சிட்டுத்தானுங்க இருக்குது"ங்கறாரு அந்தப் பையன். விக்கறவன் அப்படித்தான் சொல்லுவான். கத்திரிக்காய்க்காரன் சொத்தைன்னு சொல்லுவானா?

அப்பறம் காபிக்கொட்டை அரைக்கற மிசினு ஒண்ணு ஓட்டிக் காட்டினாரு. அது பாட்டுக்கு உர்ருன்னு ஒரு சுத்து. மைதிலி ரெண்டு காதையும் பொத்திக்கறா, துளசிமணி ரெண்டடி பின்னால போறா. எதுக்குன்னே தெரியலீங்க, இத்தனைக்கும் அதுல ஒரு சத்தமும் பெருசா இல்ல. பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். நானு அங்கயே சொல்லிட்டேன். வேண்டாம் அம்மிணி, கொரைக்காத நாயி வாசல்ல கெடந்தா நம்பலாமா? இது எப்ப வெடிக்கும்னு இதுக்கே தெரியாது.

அடுத்தது எவர்சில்வர் பாய்லர், கேஸுல எரியறது. அது விக்கறவரு வயசானவரு, நல்லாப் பேசுனாரு, அவரு பேச்செல்லாம் வெளங்குச்சு. முன்னால ஒரு கண்ணாடிக் குழாய் வெச்சிருக்குது. உள்ள தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு அதுல தெரியும். மைதிலிக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. "பாருங்கப்பா, கண்ணுலயே பாத்துக்கலாம்"னா. நானு ஒத்துக்கலீங்க. கண்ணு ஆயிரம் பக்கம் போகும். ஒரு பஸ்ஸு வந்து நின்னா அதுல எறங்கறவளோட சீலையப் பாக்கும். காது எங்கயும் போகாது. காதை நம்பு, கண்ணை நம்பாதேன்னு சொன்னேன். துளசிமணி அந்நேரம் வெளிய போயி நின்னுக்கிட்டா. என்னடி ஆச்சுன்னு போயிப் பாத்தா கண்ணைத் தொடைச்சிட்டு இருக்கறா. தூசுன்னா.

துளசிமணி ஒரு யோசனை சொன்னாளுங்க. பாய்லரே எதுக்கு, பெரிய பில்டர்ல டிக்காசன் எறக்கிப் பாலை அடுப்புல காச்சிக் குடுத்தாப் போதாதான்னு. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. ஆவியும் இல்ல, பயமும் இல்ல. ஆளொசரப் பில்டர் ஒண்ணு அங்கயே வெச்சிருந்தாங்க, அதுலயும் தூளு போட்டுத் தண்ணி ஊத்திக் காட்டச் சொன்னேன். குனிஞ்சு காதை வெச்சுப் பாத்தனுங்க. டிக்காசன் எறங்கறப்ப சொட்டு சொட்டுன்னு ஒரு சத்தம் கேக்கும், நல்ல பில்டருக்கு அதுதான் அடையாளம். ஒண்ணும் கேக்கல. அடைச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டு நிமிந்தா, கீழ அரைக் கிண்ணம் டிக்காசன் எறங்கிக் கெடக்குது. இந்தக் காலத்துப் பண்டமே இப்படித்தானுங்க. எப்படியும் மைதிலி அதுக்கு ஒத்துக்கல. ஒரு பஸ்ஸு நின்னா எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க, எந்நேரமும் கொதிக்கற தண்ணி வேணும்னா. அவ சொல்றதும் நாயந்தானுங்க.

திரும்பி வர்றப்ப வண்டில ரெண்டு பேரும் பின்னால ஒக்காந்துட்டு குசுகுசுன்னு என்னமோ பேசறாங்க. முன்னால இருந்த கண்ணாடில பாத்தேன், ஒதடு அசையுது, ஒரு வார்த்தை என்ற பக்கம் வரல. என்னடி ரகசியம்னு கேட்டேன். ரெண்டு பேரும் நிறுத்திக்கிட்டாங்க. எனக்குப் பக்குனு ஆயிருச்சுங்க. என்னை விட்டுட்டு வேற மாஸ்டர் யாரையாவது வெக்கப் பாக்கறாங்களோன்னு. பொண்ணைச் சந்தேகப்படற அப்பன் உண்டா? ஆனாப் பட்டேன். அன்னைக்கு ஊட்டுக்குப் போயிச் சோறு எறங்கல.

அடுத்த வாரம் நானே சொன்னேன், பித்தளை பாய்லர் வாங்கலாம், காசு போட்டு வெச்சுக்கறேன், அதுன்னா எனக்குப் பயமில்லைன்னு. பாத்திரக்கடைச் சந்துக்குப் போனோம். இப்பப் பாக்கப் போறனே, அந்த ஆளு கடை. ஒரு மர முக்காலி மேல ஒரு பாய்லர் நின்னுட்டிருந்துச்சு. விரலை மடக்கித் தட்டினாரு. டங்குன்னு ஒரு சத்தம் வந்து என்ற நெஞ்சுல நின்னுச்சு. அத்தனை வருசத்துக்கப்பறம் அந்தச் சத்தமுங்க. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அம்மிணி, இதுதான்னேன்.

மைதிலி அந்த பாய்லரை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. அந்த வெளிநாட்டு மிசினு அவளுக்கு அத்தனை ஆசை. அப்பறம் என்ற கிட்ட வந்து, காது கிட்ட வாயை வெச்சுக் கேட்டா, "இதுன்னா நீங்க பயமில்லாம நிப்பீங்களாப்பா?"

நிப்பேன்னேன்.

"அப்பச் சரிங்கப்பா"ன்னுட்டா. அப்பனுக்காக விட்டுக் குடுத்திட்டாளுங்க. அந்த மாதிரிப் புள்ளை யாருக்குங்க கெடைக்கும்?

கரிக்குப் பதிலாக் கீழ கேஸ் அடுப்பு வெச்சுக் குடுத்தாங்க. மத்ததெல்லாம் பழைய மாதிரியேதான். இப்பத்தக் காசு தகரமாட்டம் இருக்குது, அதுல சத்தம் வராதுன்னு, பழைய கனத்த ரூபாய்க் காசு ஒண்ணு உண்டியல்ல தேடி எடுத்தேன். புளி போட்டு வெளக்கி வெச்சேன்.

வெள்ளிக்கெழமை வந்துச்சு. காலைல நல்ல நேரம். ஒறம்பரைச் சனமெல்லாம் வந்தாச்சு. துளசிமணி அண்ணன் தம்பிங்க, அவிங்க குடும்பம், பக்கத்து டயர் கடைக்காரரு, மைதிலி கூட வேலை செஞ்ச புள்ளைங்க. கடை தாங்காத கூட்டம். மாவெலைத் தோரணம், பூசணிக்காய், சந்தனம், எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஒரு அடுப்புல புதுப் பானைல பால். கெழக்குப் பாத்துப் பொங்கோணும், அப்பத்தான் கடை தழைக்கும். இன்னொரு அடுப்பு பாய்லருக்கு. ரெண்டுக்கும் ஒரே சிலிண்டரு. பாய்லர்ல நானே தண்ணி ஊத்தி, குலதெய்வத்தை நெனைச்சுக் காசையும் போட்டேன். மைதிலி பட்டுச்சீலை கட்டிட்டு என்ற பக்கத்துல நிக்கறா. சிரிச்சிட்டு நிக்கறா. ஒரு முழம் தூரம் இருக்குமுங்க பாய்லருக்கும் அவ மொகத்துக்கும்.

பத்த வெச்சாச்சு. நானு காத்துட்டு நிக்கறேன்.

கொஞ்ச நேரத்துல மூடி ஓரத்துல ஆவி வருதுங்க. சரி, சூடாகுது. இப்ப வரும் சத்தம், இப்ப வரும்னு பாக்கறேன். ஆவி நல்லா வருது. குழாய்ல ஆவி சீறிட்டு வருது, கண்ணுக்குத் தெரியுது. காசு பேசல. எல்லாரும் சிரிச்சிட்டு நிக்கறாங்க, யாரோ என்ற தோளைத் தட்டறாங்க, என்னமோ சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. காசு ஏன் ஆடல? தண்ணி ஊத்துனேனே, எங்க போச்சு? அடில ஓட்டையா? ஓட்டைன்னா தண்ணி போயி, இப்ப வெறும் பித்தளை காயுது. காயுதுன்னா…

கண்ணு முன்னால அந்த வாழையெலைதான் தெரியுது. அதுல மாரப்பன் இல்லீங்க.

நானு கத்துனனாம். என்ன கத்துனேன்னு எனக்குத் தெரியாது. சிலிண்டரைப் பாஞ்சு மூடுனேன். மைதிலி கையப் புடிச்சு இழுத்தேன், வளையல் ஒடஞ்சு அவ கையில ரத்தம். வெளிய போங்க, எல்லாரும் வெளிய போங்கன்னு தள்ளுனேன். மச்சானைப் புடிச்சுத் தள்ளுனேன். ஒரு கொழந்தை உழுந்து எந்திரிச்சு அழுகுது. அத்தனை பேரும் ரோட்டுல நிக்கறாங்க. நானு ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சிட்டு நிக்கறேன், யாரும் உள்ள போயிரக் கூடாதுன்னு.

சிலிண்டரை மூடுனா ரெண்டு அடுப்பும் அணையும்ங்கறது எனக்கு அப்ப ஞாபகமில்லீங்க. பால் விளிம்பு வரைக்கும் ஏறி வந்திருக்குது. பொங்க வந்த பால் அப்படியே அடங்கிப் போச்சு. கடை தொறக்கற அன்னைக்கு அப்படி நடந்தா என்னான்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பொம்பளைங்க எல்லாம் வாய்ல கைய வெச்சிட்டாங்க.

துளசிமணி மட்டும் என்ற கைக்கு அடில குனிஞ்சு உள்ள போயிட்டாளுங்க. போகாதடி, போகாதடின்னு கத்தறேன். அவ திரும்பியே பாக்கல. சிலிண்டரைத் தொறந்தா, ரெண்டு அடுப்பையும் மறுபடி பத்த வெச்சா. அப்பறம் வெளிய வந்தா. என்ற மணிக்கட்டைப் புடிச்சா. முப்பது வருசத்துல நாலு பேரு முன்னால என்ற கையப் புடிக்காதவ அவ. என்னை இழுத்துட்டு உள்ள போனா. போயி பாய்லரோட மரக் கைப்பிடில என்ற உள்ளங்கைய வெச்சு, மேல அவ கையையும் வெச்சு அழுத்திக்கிட்டா.

ஆடுச்சுங்க. கிடுகிடுன்னு ஆடுது. கொதி ஏற ஏறக் காசு உள்ள குதிக்கறது கைல தெரியுது. மணிக்கட்டு வரைக்கும் ஏறுது அது.

அவ என்ற மொகத்தைப் பாத்து என்னமோ கேட்டா. ஒதடு அசைஞ்சதை வெச்சுச் சொல்றனுங்க, "கேக்குதுங்களா"ன்னுதான் கேட்டிருக்கோணும். வாசல்ல அத்தனை பேரும் பாத்துட்டு நிக்கறாங்க. மைதிலி ரத்தம் வர்ற கையப் புடிச்சிட்டு நிக்கறா.

கேக்குதுன்னு சொன்னேன்.

வேற என்னங்க சொல்றது?

பால் ரெண்டாவது தடவை பொங்குச்சு. கெழக்குப் பாத்துத்தான் பொங்குச்சு. கும்புடறதுக்கு உள்ள நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்.

அன்னையில இருந்து மைதிலிதான் பாய்லர்ல நிக்கறா. நானு பக்கத்துல போனா, "எனக்குக் கேக்குதுங்கப்பா, நானே பாத்துக்கறேன்"ங்கறா. கோவமா இல்லீங்க. கோவமாச் சொன்னாக்கூடப் பரவாயில்ல. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி, காது கிட்ட வந்து, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெக்கறா. என்னை வாசல்ல நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிருக்கறாங்க. வர்றவங்களுக்கு வணக்கம் சொல்றது என்ற சோலி. அங்க இருந்து அவளைப் பாத்துட்டே இருக்கறனுங்க, ஆத்தறதையும், சிரிக்கறதையும், அவளைச் சுத்தி ஆவி ஏறறதையும். அவளுக்குக் கேக்குதாம். எனக்கு எப்படித் தெரியும் அவளுக்குக் கேக்குதுன்னு? அவ பொய் சொன்னா?

அதனாலதானுங்க பாய்லர் வித்தவனைக் கேக்கோணும்னு கெளம்புனேன். காசு ஆடுது, சத்தம் மட்டும் வரலைன்னா அது பித்தளைல ஏதோ கலப்படம். ஈயத்தைக் கலந்திருப்பான். சத்தத்தை அது குடிச்சுக்கும். அப்படித்தானுங்களே இருக்கோணும்? நீங்க ஒலகம் தெரிஞ்சவராட்டம் இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க.

ஏனுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

சொன்னீங்களா. சரி, சரி. மன்னிச்சுக்கங்க.

காலைல கெளம்பறப்ப மைதிலி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. நானும் கூட வர்றேன்னா. கடைய யாரு பாக்கறது, வேண்டாம்னுட்டேன். பாத்திரக்கடைக்குப் போறதுக்கு முன்னால லட்சுமி மில் ஸ்டாப்புல எறங்கி, அங்க ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க, காது பாக்கறவங்க, அவிங்களை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்கப்பான்னா. சொல்லி வெச்சிருக்கறாளாம். எனக்கு எதுக்குடி காது டாக்டருன்னு சத்தம் போட்டேன். நெம்ப சத்தமாப் போட்டிருக்கறேன் போல, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு. அவ அழுகல. என்ற சட்டைப் பித்தான் ஒண்ணு கழண்டிருந்துச்சு, அதைப் போட்டு விட்டுட்டுப் போயிட்டா.

வெடிச்சிரும்னு பயந்துட்டே இருந்தனுங்க இத்தனை நாளும். இப்ப அந்தப் பயமில்ல. இது வேற பயம். அந்தம்மா காதுக்குள்ள வெளக்கடிச்சுப் பாத்துட்டு என்ன சொல்லப் போறாங்களோங்கற பயம். அதை விட, அவிங்க சொல்றது எனக்குக் கேக்கோணுமே, அதை நெனைச்சாத்தான்.

நீங்க காந்திபுரம் வரைக்கும் போறீங்களல்ல? நானு டிக்கெட்டு லட்சுமி மில்லுக்குத்தானுங்க எடுத்திருக்கறேன். ஸ்டாப்பு வந்தாக் கண்டக்டர் கூப்புடுவாராம். கூப்புட்டா என்ற கையைத் தொட்டுச் சொல்லிருங்க.